இலையைத் திருப்பிப் பார்த்தவர்கள்

பதுளையிலிருந்து பசறைக்குப் போய், அதையும் தாண்டி மலையேறினால் மடுல்சீமை வரும். இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலைதான். 1869ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே சரிவுகளில் நின்றவை கோப்பிச் செடிகள். கல்லூலா என்ற தோட்டத்தில் ஒரு சில செடிகளின் இலைகளில் அதுவரை கண்டிராத ஒன்று தெரிந்தது. இலையின் மேற்பக்கத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள். இலையைத் திருப்பினால், அதே புள்ளிகளுக்கு நேர் கீழே செம்மஞ்சள் தூள். விரலால் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

உலகக் கோப்பி வரலாற்றையே திருப்பிவிட்ட ஒரு பங்கசின் பதிவு இப்படித்தான் தொடங்குகிறது. ‘ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று அதற்குப் பெயர். பிரேசில், கொலம்பியா, எதியோப்பியா, குடகு என்று கோப்பி விளையும் எந்த இடத்தில் விவசாயப் பாடநூலைத் திறந்தாலும் இந்தப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் பிறப்பதற்குக் காரணமான முதல் இலைகள் நம் ஊவா மலையில் இருந்தவை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பதுளை மாவட்டத்துப் பாடசாலை ஒவ்வொன்றிலும் சொல்லித்தர வேண்டிய கதை இது.

அந்த மே மாதத்து மடுல்சீமையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ரயில் இல்லை. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். காட்டை வெட்டி எரித்துப் புதிதாகத் திறந்த மலைகள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைநாட்டுக்குப் பிரிந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்களுக்குக் கல்லறை கிடையாது. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு வருவதும், அது முடிந்ததும் பலர் ஊர் திரும்புவதுமாக அந்த வாழ்க்கை ஓடியது. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சேறியதும் இதே 1869இல்தான். மலையகத்தின் மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்றாக அதை மதிக்கிறோம். கோப்பி விவசாயத்தைக் கும்மிப் பாட்டாகப் பாடிய நூல் வெளிவந்த அதே வருடத்தில், அந்தக் கோப்பியை முடித்து வைக்கப்போகும் பங்கசு மடுல்சீமை இலையொன்றின் அடியில் வெளிப்பட்டது.

நோய் கண்ட இலைகள் முதலில் போய்ச் சேர்ந்த இடம் பேராதனைத் தாவரவியல் பூங்கா. அங்கே பணிப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் ஹென்றி கென்ட்ரிக் த்வைட்ஸ். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கணக்காளராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். கணக்கு எழுதிய நேரம் போக மிச்ச நேரத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்து பாசிகளைப் பார்த்தார். டயற்றம் எனப்படும் நுண்பாசிகள் ஒன்றோடொன்று இணைந்து இனம்பெருக்குவதை அவர் கண்டறிந்து சொன்னபோது தொழில்முறை விஞ்ஞானிகளே திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பொழுதுபோக்குத்தான் 1849இல் அவரைப் பேராதனைக்குக் கொண்டுவந்தது. வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. 1882இல் கண்டியில் இறக்கும் வரை இந்தத் தீவின் தாவரங்களோடும் பங்கசுகளோடும் வாழ்ந்தார்.

த்வைட்ஸ் சேகரித்த காளான்களும் பூஞ்சணங்களும் உலர்த்தப்பட்டு, காகிதத்தில் மடிக்கப்பட்டு, கப்பலேறி ஓர் ஆங்கிலக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. காளான்களை உலர்த்தினால் நிறமும் வடிவமும் போய்விடும். அதனால் நேரில் பார்த்து வரைந்த படங்கள் தேவைப்பட்டன. பேராதனையில் அந்த வேலையைச் செய்தது ஹர்மானிஸ் டி அல்விஸ் செனெவிரத்னவின் குடும்பம். தந்தையும் பிள்ளைகளும் பல பத்தாண்டுகள் அங்கே ஓவியர்களாக இருந்தார்கள். 1880களில் வெளியான இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெரிய தொகுதிகளுக்கான படங்களை வரைந்ததும் அவருடைய பிள்ளைகள்தான். ஓர் உயிரை அதன் நிறம் மாறுமுன் கூர்ந்து பார்த்துப் பதிந்த அந்தக் கைகளை இந்தக் கதையில் விட்டுவிடக் கூடாது.

மடுல்சீமை இலைகளும் அப்படித்தான் போயின. அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்த கிராமத்தின் பெயர் சிபர்டொஃப்ட். நோர்தம்ப்டன்ஷயர் மாவட்டத்துக் குக்கிராமம். அங்கே பாதிரியாராக இருந்தவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு அவர் கையில் எடுப்பது பங்கசுகளை. அதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. ஆனாலும் வாழ்நாளில் அவர் பெயரிட்ட பங்கசு இனங்கள் சுமார் 6,000. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மடிந்த காலத்தில், அழுகலால்தான் பூஞ்சணம் வருகிறது என்று படித்தவர்கள் பலர் சொன்னார்கள். பூஞ்சணத்தால்தான் அழுகல் வருகிறது என்று 1846இல் துணிந்து எழுதியவர்களில் முதன்மையானவர் இந்தப் பாதிரியார். அவர் சொன்னதே சரி என்பது பிறகு நிரூபணமானது.

ஆகவே மடுல்சீமை இலை சரியான கண்ணுக்கு முன்னால்தான் போய் விழுந்தது. நுணுக்குக்காட்டியில் பெர்க்லி கண்டது அவர் அதுவரை பார்த்த ஆயிரக்கணக்கான பங்கசுகள் எதனோடும் ஒத்துப்போகவில்லை. வழக்கமான துருநோய்ப் பங்கசு இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இது தோலைக் கிழிக்கவில்லை. இலை மூச்சுவிடும் சிறு துளையான இலைவாய் வழியாகவே வெளியே வந்து, அங்கேயே வித்திகளைத் தாங்கி நின்றது. வித்தியின் வடிவமோ தோடம்பழச் சுளை. அதன் வளைந்த முதுகில் சிறு முட்கள், தட்டையான வயிற்றுப் பக்கம் மழமழப்பு. பாதி மழமழப்பு என்பதையே பேரினத்தின் பெயராக்கி, தோட்டக்காரர்களின் கலவரத்தை இனத்தின் பெயராக்கி, ‘பாழாக்குபவள்’ என்ற பொருள்படும் லத்தீன் சொல்லைச் சேர்த்தார். 1869 நவம்பர் 6ஆம் திகதி ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ என்ற தோட்டக்கலை வார இதழில் அந்தப் பெயர் அச்சானது. சூயஸ் கால்வாய் திறப்பதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. மே மாதத்தில் மடுல்சீமையில் கண்ட தூளுக்கு நவம்பரில் பெயர். அந்தக் காலத்துத் தபால் வேகத்தை நினைத்தால் இது வியப்பான அவசரம். நோய் பரவிய வேகம் எல்லோரையும் அப்படி விரட்டியிருக்கிறது.

அந்த முதல் குறிப்பிலேயே அழிவைக் குறிக்கும் பெயரைத் தேர்ந்தெடுத்த பெர்க்லியின் உள்ளுணர்வை எப்போது நினைத்தாலும் மலைப்புத்தான். இலை உதிர்ந்த ஒரு கோப்பித் தோட்டத்தையும் அவர் நேரில் கண்டதில்லை. இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை.

தோட்டத்து உயிர்களைக் கவனித்து எழுதும் வழக்கம் இங்கே 1869இல் தொடங்கியதல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1861இல், ஜோன் நீட்னர் என்ற ஜேர்மன் கோப்பித் தோட்டக்காரர் இலங்கைக் கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றிக் கொழும்பில் ஒரு சிறு நூலை அச்சிட்டிருந்தார். தண்டில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதிற்பூச்சிகள், வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள், இலைச் சுருட்டிப் புழுக்கள், கருமைப் பூஞ்சணம், எலி என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எழுதினார். அவரும் தொழில்முறைப் பூச்சியியலாளர் இல்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, மலையைச் சுற்றி வந்து, கிடைத்த நேரத்தில் வண்டுகளுக்குப் பெயர் வைத்தவர். அவருடைய பட்டியலில் செம்மஞ்சள் தூள் இல்லை. இந்த இல்லாமையே எனக்குப் பெரிய ஆவணமாகப் படுகிறது. செடியின் ஒவ்வொரு எதிரியையும் தேடித் தேடி எழுதிய ஒருவர் 1861இல் இதைக் காணவில்லை என்றால், 1869இல் கல்லூலாவில் தெரிந்தது புதிய வரவு என்று நம்ப வலுவான காரணம் இருக்கிறது.

கோப்பி எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெலு என்று சிங்களத்தில் சொல்லும் காட்டுக் குறிஞ்சிச் செடிகள் பல ஆண்டுக்கு ஒருமுறை பூத்துக் காய்த்து மடியும். இரை தீர்ந்ததும் காட்டு எலிகள் கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களில் இறங்கி மொட்டையும் பூவையும் கடித்தெறியும். எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இது வருகிறது. தென்னிந்தியத் தொழிலாளர்கள் இந்த எலியைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் உண்பார்கள், எலி வரும் தோட்டங்களையே விரும்பித் தேடிப் போவார்கள் என்று அவர் எழுதுகிறார். எங்கள் மூதாதையர் அந்தக் காலத்து இயற்கை நூல்களில் இப்படித்தான் தலைகாட்டுகிறார்கள், எலியைத் தின்றவர்களாக. எந்தக் காட்டில் நெலு பூக்கும், எலி எப்போது இறங்கும், எந்த மலைக்கு முதலில் வரும் என்பதெல்லாம் தெரியாமல் அந்தத் தோட்டத்தைத் தேடிப் போயிருக்க முடியுமா? டெனன்ட் பசியை மட்டும் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த அவதானத்தைப் பார்க்கவில்லை.

செம்மஞ்சள் தூளுக்கு வருவோம். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே த்வைட்ஸ் இதை அஞ்சினார். தோட்டக்காரர்கள் பலர் முதல் கலவரம் அடங்கியதும் அவ்வளவாக அஞ்சவில்லை. மழை கூடிவிட்டது, மண் களைத்துவிட்டது, எரு போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நோய் கண்ட செடி உடனே சாவதில்லை. இலையைக் கொட்டும், மறுபடி துளிர்க்கும். ஒரு வருடம் விளைச்சல் குறையும், அடுத்த வருடம் கொஞ்சம் ஏறும். இதற்கிடையில் 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. குறைந்த விளைச்சலை ஏறிய விலை மறைத்தது. கையில் வந்த காசைக் கொண்டு திம்புளை, டிக்கோயா, சிவனொளிபாதமலை அடிவாரம் என்று மேலும் மேலும் காடழித்துக் கோப்பியே நட்டார்கள். 1870இல் ஏற்றுமதி சுமார் பத்து லட்சம் அந்தர். 1878 அளவில் கோப்பி நின்ற பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். ஆனால் ஓர் ஏக்கருக்கு நான்கரை அந்தர் தந்த மலைகள் அப்போது இரண்டு அந்தர்தான் தந்துகொண்டிருந்தன. பரப்பைக் கூட்டிக் கூட்டி இழப்பை மூடினார்கள். அப்படிக் கூட்டிய ஒவ்வொரு ஏக்கரும் பங்கசுக்குப் புதிய மேய்ச்சல் நிலம்.

இந்த இடைக்காலத்தில் ரிச்சர்ட் அபே என்ற இன்னொரு பாதிரியார் நோயை ஆராய்ந்து 1878இல் கட்டுரை எழுதினார். பேராதனையின் உதவிப் பணிப்பாளர் டானியல் மொரிஸ், கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து செடிகளில் தூவிப் பார்த்தார். மரப்பட்டையிலும் இலையின் மேலும் படர்ந்திருந்த மெல்லிய இழைகளே நோயின் வெளிப்புறப் பருவம் என்று நம்பி, அவற்றை அழித்தால் போதும் என்று எண்ணினார்.

1880இல் வந்து சேர்ந்தார் ஹரி மார்ஷல் வார்ட். வயது இருபத்தாறு. இரண்டு வருடத்துக்கு அரசாங்கம் அமர்த்திய பங்கசு ஆய்வாளர். இவர் தொழில்முறை விஞ்ஞானி. ஆனால் இவர் செய்த பரிசோதனைகளில் எதுவும் ஒரு பள்ளிக்கூட மாணவரால் செய்ய முடியாதது அல்ல என்பதுதான் என்னை ஈர்க்கிறது. ஒரு துளி நீரில் வித்தியைப் போட்டார். ஒரு நாளுக்குள் அதிலிருந்து மெல்லிய குழாய் முளைத்தது. நோயில்லாத இலையின் அடிப்பக்கத்தில் வித்தியோடு நீர்த்துளியை வைத்தார். முளைத்த குழாய் இலைவாயைத் தேடி உள்ளே நுழைந்தது. சில வாரங்களில் வைத்த இடத்திலேயே மஞ்சள் புள்ளி. ஈரம் இல்லாவிட்டால் வித்தி முளைக்கவில்லை. மொரிஸ் கண்ட வெளிப்புற இழைகளுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை, அவை அப்பாவியான வேறு உயிர்கள் என்றும் காட்டினார்.

பிறகு காற்றைக் கேட்டார். ஒட்டும் பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் ஆங்காங்கே தொங்கவிட்டார். எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தபோது அந்தச் சுளை வடிவ வித்திகள் தகடுகளில் ஒட்டியிருந்தன. ஒரே புள்ளியிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்திகள் கிளம்புகின்றன. அவற்றைத் தடுக்க இடையில் காடில்லை, வேறு மரமில்லை, மலைக்கு மலை கோப்பியே நிற்கிறது. காடாக இருந்த நாட்டை ஒரே செடியால் மூடியதுதான் இந்த நோய்க்கு இவ்வளவு பலம் கொடுத்தது என்று வார்ட் தெளிவாக விளக்கினார். ஒரே பயிரை மலைத்தொடராக நடுவதன் ஆபத்தை ஆதாரத்தோடு எடுத்துச்சொன்ன முதல் எழுத்துகளில் அவருடைய இலங்கை அறிக்கைகளும் அடங்கும். வித்தி முளைக்குமுன் இலையின் மேல் மருந்து இருந்தால்தான் பயன், உள்ளே போன பிறகு தெளித்துப் பிரயோசனமில்லை என்ற அடிப்படையையும் அவர் கண்டார். செப்புக் கலந்த போர்டோ கலவையைப் பற்றி பிரான்ஸில் மில்லார்டே எழுதியது 1885இல். வார்ட் இலங்கையை விட்டுப் போனது 1882இல். தோட்டக்காரர்கள் கேட்டது மருந்து. வார்ட்டால் கொடுக்க முடிந்தது உண்மை. அதனால் அவரை வெறுங்கையோடு போனவர் என்றே பலர் நினைத்தார்கள்.

முடிவு விரைவாக வந்தது. 1884 மே மாதம் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில் கொஞ்ச காலம் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்த்தார்கள். பட்டையை எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்குக் கொண்டுவந்ததில் அதன் விலையும் விழுந்தது. செத்த கோப்பி மரங்களின் கட்டைகள் தோலுரிக்கப்பட்டு, தேநீர் மேசைகளுக்குக் காலாகச் செதுக்க இங்கிலாந்துக்குப் போயின. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அது இப்போது எல்லா மலைகளிலும் ஏறியது. ஊவாவில் தம்பேதன்னையை லிப்டன் வாங்கியது 1890இல். நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையில் மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் தேயிலை.

நமக்கு உயிரான விஷயம் இங்கேதான் இருக்கிறது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழக்காலத்தில்தான். தேயிலை அப்படியில்லை. வாரம் தவறாமல், வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். தனி ஆளாக வந்து பருவம் முடிந்ததும் திரும்பிய நிலை மாறி, குடும்பம் குடும்பமாக லயத்துக் காம்பராக்களில் தங்கும் வாழ்க்கை உருவானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் ஏற்கெனவே பெருந்தொகையான மக்களைக் கடல் கடக்க வைத்திருந்தது. பஞ்சம் தள்ளியது, தேயிலை பிடித்து வைத்தது. மலையக மக்கள் ஒரு சமூகமாக இங்கே வேர்விட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. இலைவாயில் நுழைந்த அந்தப் பங்கசும் அவற்றில் ஒன்று. அப்படி வேர்விட்டவர்களின் வழித்தோன்றல்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

அந்தக் காலத்துப் பதிவுகளில் தோட்டக்காரர் பேசுகிறார், தாவரவியலாளர் பேசுகிறார், பாதிரியார் பேசுகிறார். கங்காணியோ பழம் பறித்த பெண்ணோ பேசுவதில்லை. கோப்பிப் பழத்தைப் பறிக்கக் கிளையை வளைத்துப் பிடிக்க வேண்டும். வளைத்துப் பிடிக்கும்போது இலையின் அடிப்பக்கம் முகத்துக்கு நேரே வரும். தூள் கையில் படும், துணியில் படும். நாளெல்லாம் அந்த இலைகளுக்கு நடுவில் நின்றவர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. தங்களுக்குள் அதை என்ன சொல்லி அழைத்தார்கள், எந்த மலையில் முதலில் கண்டார்கள், துரையிடம் சொன்னார்களா என்பதை எழுதிவைக்க எவரும் முன்வரவில்லை. கணக்காளருக்கும் பாதிரியாருக்கும் கிடைத்த தாளும் பேனாவும் தபாலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. தேயிலையில் இன்றும் நடப்பதைப் பாருங்கள். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. இளம் கொழுந்தில் முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும். பிறகு மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். பனியும் தூறலும் விடாத நாட்களில் ஓடிப் பரவும், ஊவாவின் ஆடி ஆவணி வறட்சியில் அடங்கும். நிரை பிடித்துப் பறிக்கும் பெண்களுக்கு எந்த மலையின் எந்த மடிப்பில் கொப்புளம் முதலில் வரும் என்று தெரியும். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நீட்னர் 1861இல் கோப்பியில் கண்டு பெயரிட்ட இலைச்சுருட்டிப் புழு, கோப்பி போனதும் தேயிலைக்கு மாறிக் கொழுந்து இலைகளை ஒட்டிச் சுருட்டத் தொடங்கியது. ஹோமோனா கோஃபியாரியா என்று கோப்பியின் பெயரை இன்னமும் சுமந்துகொண்டு தேயிலையைத் தின்கிறது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்தால் சில சமயம் புழுவுக்குப் பதிலாக அந்தக் குளவியின் கூட்டுப்புழுக்கள் இருக்கும். பறிக்கும் கைகளுக்கு இந்தக் காட்சியும் பழக்கமானதுதான்.

மழை தொடங்கும் நாட்களில் கறையான் புற்றுகளில் முளைக்கும் காளானும் அப்படியே. எந்தப் புற்றில், எத்தனையாவது மழைக்குப் பிறகு, எது தின்னலாம், எது ஆகாது என்பது லயங்களில் பாட்டிமாரிடம் உள்ள அறிவு. பேராதனையில் பங்கசு ஆய்வாளராக 1905இல் வந்த தோமஸ் பெட்ச், கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்தைப் பற்றி மறு வருடமே எழுதினார். இன்றும் அது மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. பெட்ச் எழுதிய அளவுக்கு ஆழமாக இல்லாவிட்டாலும், நம் பாட்டிமாரின் காளான் அறிவைத் திகதியோடும் இடத்தோடும் எழுதி வைத்தால் அதற்கும் ஒரு மதிப்பு வரும்.

கோப்பி ஊவாவை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. லயத்தின் பின்புறத்தில், வீட்டுத் தோட்டத்தில், வேலியோரத்தில் இன்னும் நிற்கிறது. ஹெமிலேயாவும் அவற்றோடு இருக்கிறது. அது மடுல்சீமைக்குப் பிறகு தென்னிந்தியா, ஜாவா, சுமாத்ரா என்று பரவி, 1970இல் பிரேசிலை அடைந்து, 2012ஐ ஒட்டி மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. ஆனால் அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பழைய கோப்பிச் செடியொன்றின் கீழ்க்கிளைகளைப் பிடியுங்கள். முற்றிய இலைகளையே பாருங்கள், துளிரில் தேட வேண்டாம். மேலே மஞ்சள் புள்ளி தெரிந்தால் திருப்புங்கள்.

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் போதும், அந்தச் செம்மஞ்சள் பரப்பு ஓர் உலகமாகத் திறக்கும். சில புள்ளிகளின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அது பெரும்பாலும் லெகானிசிலியம் வகை, துருப்பங்கசையே தின்னும் இன்னொரு பங்கசு. அதே செடியின் தண்டில் ஒட்டியிருக்கும் பச்சைச் செதிற்பூச்சிகளையும் இந்த வகை கொல்லும், அப்போது செத்த பூச்சியைச் சுற்றி வெண்ணிற வளையம் தெரியும். சில இடங்களில் தூளுக்கு நடுவே, தூளின் நிறத்திலேயே, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு புழுக்கள் நெளியும். அவை மைக்கோடிப்ளோசிஸ் என்ற நுண்ணிய ஈயின் குடம்பிகள், வித்திகளைத் தின்று வாழ்பவை. உலகின் பல கோப்பி நாடுகளில் இவற்றைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஊவாவில் எந்த உயரத்தில், எந்த மாதத்தில் இவை தெரிகின்றன என்பதைப் பசறையிலோ ஹாலிஎலவிலோ ஒரு மாணவி ஒரு வருடம் கவனித்துக் குறித்தால் அதுவே ஒரு நல்ல பதிவு.

குறிக்க வேண்டியவை இவைதான்: திகதி, இடம், ஏறத்தாழ எத்தனை அடி உயரம், முந்திய வாரம் மழை பெய்ததா, செடி வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா, எத்தனை இலை பார்த்ததில் எத்தனையில் தூள் இருந்தது. தூள் இல்லாத இலைகளையும் எண்ணி எழுத வேண்டும். படம் எடுப்பதானால் இலையின் இரு பக்கத்தையும் எடுக்க வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. பறித்த இலையைப் பழைய செய்தித்தாளின் நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். த்வைட்ஸ் அனுப்பிய மாதிரிகளும் இப்படி உலர்த்திக் காகிதத்தில் மடித்தவையே. பெர்க்லி தன் சேகரிப்பை 1879இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய இலங்கைப் பங்கசுகளை ஆராய விரும்புகிறவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள்.